எச்ஓ கட்டடங்கள்: பழசாக்கப் பார்த்தால் வெறும் அழுக்காகத் தெரிகிறது

தண்டவாளம்87:
வணக்கம். மாடல் ரயிலின் எச்ஓ அளவில் (1:87, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) நீராவிக் காலத்துச் சரக்குக் கொட்டகை ஒன்றும், பக்கத்தில் இரண்டு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றும் கட்டி முடித்திருக்கிறேன். இரண்டும் பிளாஸ்டிக் கிட். அக்ரிலிக் பெயின்ட், அதன் மேல் பளபளப்பைப் போக்கும் லாக்கர் வகை மேட் ஸ்பிரே, அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையைக் கலந்து வாஷ் (இடுக்குகளில் இறங்கும் நீர்த்த நிறம்). காய்ந்த பிறகு செங்கல் சுவரில் அங்கங்கே வெள்ளை பூத்திருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, பளபளப்பு போயும் கட்டடத்துக்கு வயசு ஏறவில்லை. புதுக் கட்டடத்தைச் சேற்றுத் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிறது. காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் என்னிடம் இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

லூப்லைன்:
வெள்ளை பூத்ததற்குக் காரணம் ஆல்கஹால். லாக்கர் மேட் பூச்சின் மேல் பட்டால் அப்படித்தான் வெளுக்கும். நன்றாகக் காயவிட்டு அதே ஸ்பிரேயை லேசாக இன்னொரு முறை அடியுங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் மட்டும் அடிக்காதீர்கள். கொட்டகையின் மரச்சுவரிலும் இப்படி வெளுத்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம், வெயிலில் கிடந்த பலகை மாதிரி அழகாக இருக்கும்.

கரித்தூள்:
ஏர்பிரஷ் வேண்டாம். கட்டடத்துக்கு எனக்கு ஒரு தட்டைப் பிரஷ்ஷும் பாஸ்டல் சாக்கைத் தேய்த்து எடுத்த தூளும் போதும்.

வாஷ் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்கியதுதான் உங்கள் சிக்கல். நிஜச் சுவரில் அழுக்கை இடம் பார்த்து வைப்பது மழைத் தண்ணீர். கூரை விளிம்புக்குக் கீழே மழை படாத பட்டை வேறு நிறமாக இருக்கும். ஜன்னல் திண்டில் தேங்கும் நீர் இரண்டு முனையிலும் வழிந்து கோடு போடும். மழைநீர்க் குழாயில் விரிசல் விட்ட இடத்தில் பாசி, அதன் ஓரத்தில் உப்புப் பூத்த வெள்ளை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மண் தெறித்திருக்கும், நம் அளவில் அது சுமார் 6 மி.மீ. ஒவ்வொரு கறைக்கும் ‘இது எங்கிருந்து வழிந்தது?’ என்று கேளுங்கள். பதில் இல்லாத கறையைத் துடைத்துவிடுங்கள்.

செங்கலுக்கு வருவோம். நிஜத்தில் சுமார் 10 மி.மீ. இருக்கும் காரை இடைவெளி, 1:87இல் 0.1 மி.மீ.தான். அதில் பளீர் வெள்ளையை நிரப்பினால் கட்டம் போட்ட நோட்டுத்தாள் ஆகிவிடும். மங்கிய சாம்பல் போதும். பிறகு கலர் பென்சிலில் நாலைந்து செந்நிறம் எடுத்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செங்கற்களைத் தீட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் மொத்த வேலையில் இதுக்குத்தான் பலன் அதிகம்.

தகரக் கூரை என்றால் தகடு தகடாக நிறம் மாற வேண்டும். துரு ஆணி வரிசையிலும், தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்திலும்தான் தொடங்கும். அங்கே தூளைத் தொட்டு வைத்து, லேசாக நனைத்த தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பக்கவாட்டில் போகவே கூடாது.

இன்னொன்று. தூளின் மேல் மேட் ஸ்பிரே அடித்தால் பாதி காணாமல் போகும். வண்டிகளைக் கையில் எடுப்போம், அதற்கு ஸ்பிரே தேவை. கட்டடத்தை யார் தொடப்போகிறார்கள்? அப்படியே விடுங்கள்.

பழையசிக்னல்:
கரித்தூள் சொன்னதில் ஒரு திருத்தம்: முதலில் சாமான்களை ஒட்டுங்கள், அப்புறம் அழுக்கு. குழாய், விளக்கு, விளம்பரம் எல்லாம் கடைசியில் ஒட்டினால் அவை மட்டும் நேற்று வந்தது போல் நிற்கும். விளம்பரத்தைத் தாளில் அச்சடித்து, பின்பக்கத்தை உப்புத்தாளால் மெலிதாகத் தேய்த்து, நீர் கலந்த பசையில் சுவரோடு அழுத்துங்கள். செங்கல் வரிகள் தாளில் பதிய வேண்டும்.

எல்லாக் கட்டடத்தையும் இடிந்து விழுவது போல் ஆக்கவும் வேண்டாம். பழசாக்குவதே தப்பு என்று சொல்லவில்லை. 1973இல் மறைந்த அமெரிக்க மாடல் ரயில் கலைஞர் ஜான் ஆலன், பலரும் பளபளவென்று வண்டி ஓட்டிய காலத்திலேயே மாடல்களைப் பழசாக்கிக் காட்டியவர். அவர் லேஅவுட்டில் (மாடல் ரயில் ஓடும் தளம்) ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசர் பொம்மை, பெட்டிகளை இடம் மாற்றும் ஷண்டிங் எஞ்சினின் வேலையைப் பார்த்தது, அது வேறு கதை.

தண்டவாளம்87:
மேட் ஸ்பிரேயில் வெள்ளை போய்விட்டது, நன்றி. சரக்குக் கொட்டகைக்குள்ளேயே ஒரு பாதை போகிறது. புகைக்கரி எங்கே வைப்பது?

கரித்தூள்:
எஞ்சின் நுழையும் வாசலின் மேல் நெற்றியில், புகைபோக்கி வரும் நேர்கோட்டில் அடர்த்தியாக. இரு பக்கமும் போகப் போக மங்கட்டும். சுத்தக் கறுப்பு வேண்டாம், கொஞ்சம் பழுப்பு கலந்துகொள்ளுங்கள். உள்சுவருக்கும் அதே நிறம் கொடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் கசிவதும் நின்றுவிடும். லேஅவுட் விளக்கின் கீழே வைத்துத்தான் தீட்டுங்கள். மேசை விளக்கில் சரியாகத் தெரிந்த கரி அங்கே வேறு மாதிரி தெரியும்.