அப்பாவுக்கு மகாதமனி வீக்கம்: வடிகுழாய் முன்கூட்டியே போடலாமா?

அப்பாவுக்கு 68 வயது, மதுரையில் இருக்கிறோம். நெஞ்சிலிருந்து வயிறு வரை மகாதமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) வீங்கி 6.5 செ.மீ. ஆகிவிட்டது, சிடி ரிப்போர்ட்டில் கிராஃபோர்டு 2-ஆம் வகை (நெஞ்சு, வயிறு இரண்டிலும் பரவிய வீக்கம்) என்று போட்டிருக்கிறது. மூன்று வாரத்தில் ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது ரத்தக்குழாய்க்குள் செயற்கைக் குழாய் வைக்கும் சிகிச்சை. தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்தால் இரண்டு காலும் செயலிழக்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அப்பா ராத்திரியில் கால் விரல்களை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

இரண்டு இடத்தில் கேட்டாயிற்று. ஒருவர், முதுகில் வடிகுழாய் போட்டு தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைக் குறைத்து, அங்கே ரத்தம் போக வழி செய்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன் என்கிறார். இன்னொருவர், அந்தக் குழாயாலேயே ரத்தக்கசிவு வரலாம், இரண்டு கட்டமாகச் செய்வோம், பிபியை ஏற்றியே வைத்திருப்போம், கால் பலவீனம் தெரிந்தால் மட்டும் போடலாம் என்கிறார். கேட்கும்போது இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. அப்புறம், பாதிப்பு சில நாள் கழித்தும் வரலாமாம், அதுதான் பெரிய பயம்.

இந்த சிகிச்சை செய்துகொண்டவர்கள், மயக்கவியல் டாக்டர்கள் யாராவது சொல்லுங்கள்: வடிகுழாயை முன்கூட்டியே போடச் சொல்வதா, இல்லை தேவைப்பட்டால் மட்டும் போடட்டும் என்று விடுவதா?