இழை: ‘எடிசியோன் ரெஹியோனால்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

இரா., சென்னை

குழுமத்தினருக்கு வணக்கம். ஹவானாவைப் பற்றிய ஸ்பானியக் கட்டுரைகளைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். சுருட்டு சேகரிப்போர் பற்றிய இயலில் ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது. கியூபச் சுருட்டுகளை உலகச் சந்தைக்கு அனுப்பும் ஹபானோஸ் நிறுவனம் 2005இல் ‘எடிசியோன் ரெஹியோனால்’ என்ற வரிசையைத் தொடங்கியது. ஒரு நாட்டின் இறக்குமதியாளருக்காக, அந்தச் சந்தைக்கு மட்டும் ஓர் அளவுச் சுருட்டைக் கியூபாவில் சுற்றிக் கொடுக்கிறார்கள். அந்தச் சுருட்டின் வணிகப் பெயருக்குரிய வழக்கமான வரிசையில் அந்த அளவு இராது. கோஹிபா, மோன்டெக்கிரிஸ்டோ போன்ற பெரிய பெயர்களை இதற்குத் தருவதில்லை. ராமோன் அயோனெஸ், போர் லார்ரான்யாகா போன்றவைதாம் வருகின்றன. சுருட்டின் மேல் சிவப்பும் வெள்ளியுமாக இரண்டாவது காகித வளையம். அதில் ‘எக்ஸ்க்ளூசிவோ’ என்ற சொல்லும் நாட்டின் பெயரும்.

‘வட்டாரப் பதிப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

மு. செ., திருச்சி

ஒப்பாததில் வியப்பில்லை. பதிப்பு என்பது எழுத்தை அச்சில் பதிப்பது. இலையைச் சுற்றுவது எப்படிப் பதிப்பாகும்? ‘ஈடு’ என்ற சொல்லைப் பாருங்கள். இடு என்பது முதல்நிலை நீண்டு ஈடு ஆனது. இட்டிலித் தட்டில் ஒருமுறை ஊற்றி எடுப்பதை இன்றும் ‘ஓர் ஈடு’ என்றுதான் சொல்கிறோம். ஒருமுறை செய்து முடிந்துபோகும் சுருட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ‘வட்டார ஈடு’ என்று எழுதுங்கள்.

‘சிகார்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆங்கிலத்தின் ‘செரூட்’ நம் சுருட்டு போய் ஆனதுதான். கொடுத்த கைக்கு இரவல் தேவையில்லை.

வ., ஈரோடு

ஐயா, ஈடு அழகான சொல். ஆனால் அடைமானமும் ஈடு, இழப்பீடும் ஈடு, திருவாய்மொழி உரையும் ஈடு. ‘வட்டார ஈடு’ என்று படிப்பவர் கூட்டுறவு வங்கியை நினைப்பார். ‘வெளியீடு’ என்றால் உங்கள் ஈடும் உள்ளே இருக்கும், படிப்பவருக்கும் விளங்கும்.

வட்டாரம் என்பதில் எனக்கு வேறொரு மகிழ்ச்சி. கொங்கு நாட்டில் ‘வட்டகை’ என்போம். வள் என்னும் வேரிலிருந்து வளை, வளையம், வட்டம், வட்டகை, வட்டாரம். சுருட்டின் மேல் இருக்கும் காகித வளையமும் அதே வேர். நாட்டைச் சொல்வதும் வளையம், நாட்டின் பெயரைத் தாங்குவதும் வளையம். ‘வளையச் சுருட்டு’ என்றே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

த., லண்டன் (ஊர் யாழ்ப்பாணம்)

வளையம் ஏறக்குறைய எல்லா ஹவானா சுருட்டிலும் இருக்கிறது, ஐயா. இரண்டாவது வளையமும் அடையாளமாகாது. 2000இல் தொடங்கிய, அளவான எண்ணிக்கையில் வரும் ‘எடிசியோன் லிமிட்டாடா’ வரிசைக்குக் கறுப்பும் பொன்னுமாக ஒன்று உண்டு. அது உலகம் முழுவதும் விற்பது.

இங்கே பிரிட்டனுக்கென 2005ஆம் ஆண்டு வரிசையில் வந்த ராமோன் அயோனெஸ் பெலிகோசோஸ் ஃபினோஸ் பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. நீளம் 140 மில்லிமீட்டர், வளைய எண் 52. வரைவில் ‘சுற்றளவு 52’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். அது விட்டம், ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 52. தலைப்பக்கம் கூம்பி மூடியிருக்கும். திருச்சிச் சுருட்டைப் போல இருபுறமும் வெட்டித் திறந்ததன்று; வாயில் வைக்கும் முன் நுனியை நறுக்க வேண்டும். ஆகவே சுருட்டு என்ற சொல் ஒன்றே போதும் என்பதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ‘ஹவானா சுருட்டு’ என்றாவது வேண்டும்.

இளம் சுருட்டில் பச்சை வாடை இருக்கும், அமோனியா மூக்கில் ஏறும். அதனால்தான் சேகரிப்பவர்கள் வாங்கிய உடனே பற்றவைப்பதில்லை. ஆண்டுகள் கழித்து இதைப் பற்றவைத்தபோது முதற்பகுதியில் உலர்ந்த மரத்தின் மணமும் மெல்லிய துவர்ப்பும். நடுவில் வறுத்த கொட்டையின் இனிப்பு. அடி நெருங்க நெருங்க மிளகின் கார்ப்பு. இழுப்பு எளிதாக இருந்தது, சாம்பல் உதிராமல் நின்றது. எனக்கு மிகவும் பிடித்த சுருட்டு இது. பெட்டியின் அடியில் தொழிற்சாலைக் குறியும் மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கின்றன. வளையத்தை மட்டும் நம்பி வாங்கக்கூடாது, போலிகள் ஏராளம்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘வட்டாரச் சுருட்டு’, ‘வட்டார வெளியீடு’ என்றால் அந்த வட்டாரத்தில் செய்தது என்றே தமிழ்க் காது கேட்கும். யாழ்ப்பாணச் சுருட்டு யாழ்ப்பாணத்தில் சுற்றியது. நான் சொல்லும் சுருட்டில் பிரிட்டனின் இலை ஒன்றுகூட இல்லை. வுவெல்டா அபாஹோ என்ற கியூபப் புகையிலை வட்டாரத்தில் விளைந்து கியூபாவில் சுற்றியது. இங்கே வேண்டியது நான்காம் வேற்றுமை. ‘எப்பொருள் ஆயினும் கொள்ளும் அதுவே’ என்று தொல்காப்பியர் கு உருபுக்குச் சொன்னதை எடுத்துக்கொண்டு, கொள்ளும் நாடு ‘கொள்நாடு’, ‘கொள்நாட்டு வெளியீடு’ என்று சொல்லிப் பார்க்கிறேன்.

மு. செ., திருச்சி

கருத்து சரி, சொல் கரடுமுரடு. வட்டாரச் சுருட்டையே நான்காம் வேற்றுமைத் தொகையாக விரிக்கலாமே. மாட்டுத் தீவனம் மாட்டுக்குத் தீவனம். மாடு செய்ததென்று யாரும் மயங்குவதில்லை. உரையாசிரியர்கள் காட்டும் கடிசூத்திரப் பொன்னும் (அரைஞாணுக்குப் பொன்) அப்படித்தான்.

த., லண்டன்

மாடு தீவனம் செய்யாது என்பது உலகறிந்தது, அதனால் மயக்கமில்லை. வட்டாரம் சுருட்டு செய்யுமே! திண்டுக்கல் செய்ததே! தொகையை விரிக்க உதவும் உலக அறிவு இந்த இடத்தில் எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

சு. ம., மதுரை

த. சொல்வது வலுவான வாதம். ஆனால் கொள்நாடு என்றால் என் மாணவர்கள் கொள்ளுப் பயறு விளையும் நாடு என்பார்கள். இன்னொரு இடரும் உண்டு. போர்டு வைத்தாற்போல் ‘நாடு’ என்று வந்துவிட்டால் பல நாடுகளுக்குச் சேர்த்து வந்தவற்றை என்ன செய்வது? 2007இல் வந்த ‘ஷார்ட் பொலிவார்’ ஆசிய பசிபிக் முழுமைக்கும் உரியது. வட்டாரம் இருக்கட்டும். ‘வட்டார ஒதுக்கீடு’ என்றால் எவர்க்கு என்பது தானே தெரியும்.

இடையே ஒரு செய்தி. புகையிலை விடு தூதில் சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலைக்குச் சொல்லும் கதையை இந்த இயலின் அடிக்குறிப்பாக இரா. சேர்க்கலாம். திருமாலின் துளசியும் சிவனின் வில்வமும் போய்விட, பிரமனின் இலை மட்டும் போகாமல் நின்றதாம். போகாயிலையே புகையிலை ஆயிற்றாம். பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பத் துணிந்த மொழிக்கு ஹவானா அயலூர் அன்று.

வ., ஈரோடு

அம்மா, ஒதுக்கீடு என்றதும் அரசாணையும் கல்லூரிச் சேர்க்கையும் நினைவுக்கு வருகின்றன. ‘வட்டாரத் தனி வெளியீடு’ என்று வைக்கலாமா? பேருந்தில் படிப்பவருக்கும் விளங்கும்.

மு. செ., திருச்சி

ஈடு வெளியீட்டுக்குள் இருப்பதால் ஒப்புகிறேன்.

சு. ம., மதுரை

எனக்கும் சம்மதம். வெள்ளிக்கிழமை நாளைதானே.

இரா., சென்னை

அனைவருக்கும் நன்றி. ‘வட்டாரத் தனி வெளியீடு’ என்றே அனுப்பிவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் ‘கியூபாவில் செய்து ஒரு வட்டாரத்துக்கு மட்டும் தரப்படுவது’ என்று ஒரு வரி சேர்த்தேன். சுருட்டின் மூன்று வகை இலைகளுக்கு மேலிலை, கட்டிலை, உள்ளிலை என்று முன்பே எல்லோரும் ஒப்பிய சொற்கள்தாம். வளைய எண் த. சொன்னபடி விட்டமாகவே போயிருக்கிறது. புகையிலை விடு தூது அடிக்குறிப்பையும் சேர்த்தே அனுப்பினேன்.

த., லண்டன்

இரா.வின் நெருக்கடி புரிகிறது, குறையாகச் சொல்லவில்லை. ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். சொல்லோடு ஒரு வரி விளக்கம் சேர்க்க வேண்டியிருந்தது என்பதே அந்தச் சொல் தன் வேலையைச் செய்யவில்லை என்பதற்குச் சான்று. ‘தனி வெளியீடு’ என்பதை லிமிட்டாடாவுக்கும் ஒருவர் நாளை எழுதுவார். அப்போது கறுப்பு வளையத்தையும் சிவப்பு வளையத்தையும் தமிழில் பிரிக்க வழியிருக்காது. என் பெட்டிகளின் பட்டியலில் கொள்நாட்டு வெளியீடு என்றே எழுதுகிறேன். லிமிட்டாடாவுக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். ‘வரையறை’ என்ற சொல்லை அங்கே யாரும் அவசரப்பட்டுக் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.