"சின்ன ஆபரேஷன்தான்"னு கிளினிக்ல சொன்னா என்ன கேட்பீங்க?

தக்கலைக்காரி:
எனக்க அம்மைக்கு முதுகுல கொழுப்புக்கட்டி. மரத்துப்போற ஊசி போட்டு எடுத்துட்டு சாயங்காலமே அனுப்பிருவோம்னு ஒரு கிளினிக்ல சொன்னாவ. போன அன்னைக்கு பேச்சு மாறிப்போச்சு. "அம்மா பயப்படுதாவ, லேசா தூங்க வச்சிருவோம்."

மரத்துப்போற ஊசி வேற, தூங்க வைக்கிற ஊசி வேற. தூக்க மருந்து கூடிப்போனா மூச்சு குறையும். கட்டிய வெட்டுற டாக்டரே மூச்சையும் பாத்துக்கிட்டிருக்க முடியுமா? மயக்க டாக்டர் யாருன்னு கேட்டேன். தேவைப்பட்டா நாகர்கோவில்ல இருந்து வருவாராம். மூச்சு நின்னா மூளை தாங்குறது சில நிமிஷம்தான், வில்லுக்குறி தாண்டி அவர் எப்ப வர? ஆக்சிஜன் சிலிண்டர் மூலையில நின்னுது, டியூபோ மாஸ்க்கோ மாட்டியிருக்கல. அம்மையக் கூட்டிட்டு வந்துட்டேன். வெறும் வயித்தோட வந்தவ, வழியெல்லாம் புட்டும் பயறும் கேட்டு என்னைய ஏசுனா. பிறகு வேற இடத்துல வெறும் மரப்பு ஊசியிலயே எடுத்தாச்சு.

குளச்சல் அண்ணன்:
பதிவுச் சான்றிதழ் இருந்துதா தங்கச்சி? தனியார் கிளினிக் எல்லாம் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்ல பதியணும். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். சட்டம் 1997-ல வந்தது, விதிகள் வந்ததோ 2018-ல!

தக்கலைக்காரி:
இருந்துதுண்ணே, தேதியும் முடியல. அதான் எரிச்சல். சான்றிதழ் குடுக்க ஆபீஸ்காரங்க பாக்க வந்த அன்னைக்கு மாஸ்க் இருந்திருக்கும். அதுக்குப் பொறவு யாரு எட்டிப் பாக்கா?

குளச்சல் அண்ணன்:
அதுவும் சரிதான். விதியும் பிந்தித்தான் வருது. 2016-ல சென்னையில தலையில முடி நடுற சிகிச்சைக்குப் போன மெடிக்கல் மாணவர் ஒருத்தர் இறந்தாரே. முடி நடுறதுக்கு தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் போட்டது 2022-ல.

மார்த்தாண்டம் சிஸ்டர் (ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்):
மரப்பு ஊசியையும் லேசா நினைக்காதீங்க அக்கா. அதுக்கும் எடைக்கேத்த அளவு உண்டு. லிக்னோகைன்ங்கிற மரப்பு மருந்து, அட்ரினலின் மருந்து கலக்காததுன்னா கிலோவுக்கு 4.5 மில்லிகிராம்தான் உச்சம். 50 கிலோ ஆளுக்கு 2 சதவீத மருந்துல (ஒரு மில்லிலிட்டர்ல 20 மில்லிகிராம்) 11 மில்லிலிட்டர் தாண்டக் கூடாது. ஒரே நாள்ல நாலஞ்சு கட்டி எடுக்கும்போது இந்தக் கணக்குதான் தப்பிப்போவும். காது இரையுது, நாக்கு மரக்குதுன்னு பேஷன்ட் சொன்னா பயத்துல உளறுறாங்கன்னு விட்றாதீங்க. அது மருந்து கூடினதுக்கு முதல் அறிகுறி. ஊசிய உடனே நிறுத்தச் சொல்லுங்க.