முயல்மசால் மழைக்குக் கருகுது, தப்பின செடியில விதை எடுக்கலாமா?

விளைக்காரன், திருவட்டாறு:
தென்னைக்கு இடையில ஆட்டுத் தீவனத்துக்குன்னு முயல்மசால் (ஸ்டைலோ) விதைச்சேன். பங்குனி வரைக்கும் நல்லா நின்னுது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடிச்சதும் இலையெல்லாம் புள்ளி, நடுவுல சாம்பல் நிறம், சுத்திக் கறுப்பு. தண்டுலயும் கறுப்பு விழுந்து, இலை கொட்டி வெறும் குச்சிதான் நிக்குது. ஓரத்துல சில செடி மட்டும் பச்சையா இருக்கு. அந்த விதையையே அடுத்த வருஷம் விளை (தோப்பு) முழுக்கப் போட்டா நோய் வராதுல்லா? ஆடு தின்கிறது, மருந்தடிக்க மனசில்ல.

பழைய விதைக்காரர், நாகர்கோவில்:
அது ஆந்த்ரக்னோஸ் தம்பி. மிளகாய்ப் பழத்தை அழுக வைக்கிற கொலட்டோட்ரைக்கம் வகைப் பூஞ்சைதான். மழைத்துளி தெறிச்சுப் பரவும். இலை ஈரமா கிடந்தாத்தான் உள்ள இறங்கும். ஓரத்துல காத்து வாங்கி இலை சீக்கிரம் காய்ஞ்சிருந்தா, அந்தச் செடிக்கு நோயை எதிர்க்கிற சக்தி இருக்குன்னு அர்த்தமில்ல, நோய் பிடிக்காம தப்பிச்சிருக்கு, அவ்வளவுதான். ரெண்டும் வேற.

ஒவ்வொரு செடி விதையையும் தனித்தனிக் கவர்ல எடுங்க. பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய்க்கிற செடி, தாய்க்குணம் அனேகமா அப்படியே வரும். மழைக்கு முன்னால, நல்லா நோய் பிடிக்கிற செடிக்கு நடுவுல வரிசை வரிசையா நடுங்க. நோய் தெறிக்கட்டும். அதுலயும் நிக்கிறதுதான் நமக்கு வேணும்.

ஆனா ஒரே செடியோட வாரிசை விளை முழுக்கப் போடாதீங்க. பூஞ்சையிலயும் பல வகை உண்டு, ஒண்ணைத் தாங்கற செடி இன்னொண்ணுக்கு விழுந்துரலாம். ஆஸ்திரேலியாவுல பரவலா இருந்த டவுன்ஸ்வில் ஸ்டைலோங்கிற முயல்மசாலை 1970-களில் இந்த நோய்தான் அழிச்சுது. அப்புறம் அங்க 'சிரான்'னு தனித்தனியாத் தேர்ந்தெடுத்த மூணு வழிச் செடியைக் கலந்தே ரகம் விட்டாங்க. பிரேசிலோட 'கம்போ கிராண்டி' ரகத்துல ரெண்டு முயல்மசால் இனம் கலந்திருக்கு.

தோவாளை ஆட்டுக்காரன்:
அண்ணே, நம்ம பக்கம் காத்தும் வெயிலுந்தான், புள்ளியே கிடையாது. நம்ம விதையை அவருக்குக் குடுத்தா?

பழைய விதைக்காரர்:
உங்க ஊர்ல நோய் வராததுக்குக் காரணம் விதையில்ல, காத்து. அதே விதை திருவட்டாறு மழையில கருகலாம். தேர்வு அங்கதான் நடக்கணும். ஆனா தேர்வான விதையைப் பெருக்கறதுக்கு உங்க நிலம் நல்லது. பூஞ்சை விதையோடயும் ஒட்டிக்கிட்டு வரும், காஞ்ச ஊர்ல அந்தத் தொல்லை குறைவு.

விளைக்காரன்:
சரி அண்ணாச்சி. கருகினதை வேரோட பிடுங்கவா?

பழைய விதைக்காரர்:
பிடுங்காதீங்க, ஒரு வரிசை விட்டு வைங்க. அடுத்த மழைக்கு நோய் பரப்ப அதுதான் வேணும். மத்ததை அறுத்து ஆட்டுக்குப் போடுங்க.

தோவாளை ஆட்டுக்காரன்:
விதை தேறினதும் சொல்லுங்க, கால் ஏக்கர் சும்மாதான் கிடக்கு.