பழைய புக்காட் துண்டா படகை மூழ்கடித்து டைவிங் தளமாக்க முடியுமா?

பாகான்வாசி:
வணக்கம். பட்டர்வொர்த்தில் ஓய்வுபெற்ற புக்காட் துண்டா (இழுவலை மீன்பிடி) படகு ஒன்று விலைக்கு நிற்கிறது. 20 மீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, இன்ஜினைக் கழற்றிவிட்டார்கள். எங்கள் டைவிங் குழு அதை வாங்கிப் பினாங்குப் பக்கமே மூழ்கடிக்க நினைக்கிறது. எண்ணெயைத் துடைத்துவிட்டு அடிவால்வைத் திறந்தால் போதுமா?

பட்டறைக்காரர்:
போதாது தம்பி. வால்வைத் திறந்தால் படகு மூழ்கும். நிமிர்ந்து உட்காருமா, கவிழ்ந்து படுக்குமா என்பது நம் கையில் இருக்காது. அதற்கும் முன்னால் சுத்தம் செய்யவேண்டும். செலவில் பெரும்பங்கு அதற்குத்தான் போகும்.

டாங்கி, குழாய் எல்லாம் காலி செய்ய யாருக்கும் தெரியும். விட்டுப்போவது இரண்டு இடம். ஒன்று, பாரத்துக்காக அடியில் ஊற்றிய சிமெண்ட். அதற்கும் தகட்டுக்கும் நடுவே டீசல் ஊறி நிற்கும். இடித்தெடுக்காவிட்டால் மூழ்கிய பிறகும் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, மீன் அறைச் சுவருக்குள் அடைத்த ஃபோம். ஒரு கன மீட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு டன்னைத் தூக்கிப் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் மிஞ்சினால் படகு சாயும். பிறகு அந்த ஃபோம் பொடிப்பொடியாகக் கரை ஒதுங்கும். உள்தகட்டை வெட்டிச் சுரண்டியே எடுங்கள். கடைசியில் பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், நல்ல தண்ணீர் விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் மேலே வானவில் நிறம் தெரிந்தால் வேலை இன்னும் பாக்கி.

பேட்டரி, கல்நார், கயிறு, வலை எதுவும் இருக்கக்கூடாது. ஒயரையும் உருவிவிடுங்கள். கிளிப் துருப்பிடித்துக் கழன்றால் அது தொங்கி டைவரின் டாங்கியில் மாட்டும்.

இன்ஜின் போனதால் அடிக்கனம் குறைந்துவிட்டது. அந்த எடைக்கு ஈடாகக் கான்கிரீட் கட்டைகளை அதே இடத்தில் வைத்து, சட்டம் வெல்டிங் செய்து பூட்டுங்கள். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் மேலே, இடமும் வலமும் நேருக்கு நேராகத் துளை வெட்டி, ரப்பர் வைத்துத் தகடு போட்டு போல்ட் முடுக்குங்கள். ஒவ்வோர் அறையின் உச்சியிலும் காற்று போக வழி வேண்டும். இடத்துக்குப் போனதும் முன்னும் பின்னும் நங்கூரமிட்டு, தகடுகளைக் கழற்றி, ஆட்களை இறக்கிவிட்டுப் பக்கத்துப் படகிலிருந்து தண்ணீர் ஏற்றுங்கள். அகலமான மீன் அறையில் பாதித் தண்ணீர் நின்றால் அது ஒரு பக்கமாக ஓடிப் படகைப் புரட்டிவிடும். நடுவே நெடுக ஒரு தடுப்பு வைத்து இரு பக்கமும் சமமாக நிரப்புங்கள். 2002இல் ஃபுளோரிடாவில் ஸ்பீகல் குரோவ் என்ற 155 மீட்டர் கப்பல் நேரத்துக்கு முன்பே மூழ்கத் தொடங்கிக் கவிழ்ந்தது. பிறகு அதைப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். 2005இல் டென்னிஸ் சூறாவளிதான் நிமிர்த்தியது.

நீரடி:
படகுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இடத்தைப் பாருங்கள். பினாங்கைச் சுற்றி அடிமண் பெரும்பாலும் சேறு. படகு அமிழ்ந்துபோகும், டைவரின் கால்துடுப்பு ஒருமுறை பட்டாலே எல்லாம் கலங்கிவிடும். கெடா பக்கம் மணல் தரை கிடைக்கிறதா என்று தேடுங்கள். 25 மீட்டர் ஆழத்தில் 7 மீட்டர் உயரப் படகு இறங்கினால் மேலே 18 மீட்டர் தண்ணீர் இருக்கும். பெர்ஹெந்தியான் தீவுப் பக்கம் போலீஸ் படகுகளை மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

மீன்வள இலாகா, கடல்துறை இலாகா, சுற்றுச்சூழல் இலாகா மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அனுமதியில்லாமல் இறக்கினால் மலேசியாவின் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஆம் பிரிவில், கடலில் கழிவு கொட்டிய குற்றமாகலாம்.

டைவர் நுழையும் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வாசல், ஒன்றுக்கு ஒரு மீட்டர் அகலமும் உயரமும். ஓரங்களை கிரைண்டரால் மழுக்குங்கள். கதவு, மூடி எதுவும் வேண்டாம். அப்படி வெட்ட முடியாத சிற்றறைக்குக் கம்பி வைத்து அடைத்துவிடுங்கள். உள்ளே போனால் மூச்சுக் குமிழி கூரையில் பட்டே துரு கொட்டும், வந்த வழி மறைந்துவிடும். அதனால் திரும்பும் வழிகாட்டும் ரீல் கயிறு இல்லாமல் யாரையும் விடாதீர்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. படகில் அறுந்த வலை வந்து மாட்டிக்கொண்டே இருக்கும். மெல்லிய நைலான் வலைக்குக் கத்தியைவிடக் கத்தரிதான் உதவும்.

பாகான்வாசி:
நன்றி அண்ணே. மரப்படகு பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அது ஆகுமா?

பட்டறைக்காரர்:
வேண்டாம். மரத்தைக் கப்பல்புழு துளைத்துச் சில ஆண்டுகளில் சல்லடையாக்கிவிடும்; பலகை மிதந்து வந்து வலையில் சிக்கும். ஃபைபர் படகு எடை குறைவு, பெரிய அலையில் இடம் பெயர்ந்து உடையும். இரும்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தேயும், உங்கள் தகடு பல்லாண்டு தாங்கும். வீல்ஹவுஸ் (படகோட்டும் அறை) தகடு மட்டும் மெல்லியது, முதலில் இடிவது அதுதான். கூரையைப் பட்டறையிலேயே வெட்டிவிடுங்கள். யார் தலையிலும் விழாது, மேல்பாரமும் குறையும்.