கட்டணம் நாங்கள் கட்டுகிறோம், பயிற்சி மகனுடையது

எங்கள் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். ஓட்டமும் துறுதுறுப்பும் இல்லாமல் கவனம் மட்டுமே நிலைக்காத வகை ஏ.டி.டி. எனும் கவனக்குறைபாடு அவனுக்கு இருப்பதை மனநல மருத்துவர் கடந்த ஆண்டுதான் உறுதிசெய்தார். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வெளியான டி.எஸ்.எம்-5 கையேட்டின் வரையறையின்படி 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்பதால், பள்ளிக்கால ரேங்க் கார்டுகளில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பெற்றோரைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத வேலை அது.

சிகிச்சையோடு, அன்றாட வேலைகளைத் திட்டமிடப் பழக்கும் ஒரு கோச்சிடமும் வாரந்தோறும் பேசுகிறான். முதல் சந்திப்பிலேயே அவர் எங்கள் எல்லோர் முன்னிலையிலும், கட்டணம் பெற்றோர் கட்டினாலும் மகன் சம்மதிக்காமல் அவன் பேசுவது எதுவும் எங்களுக்கு வராது என்று தெளிவுபடுத்திவிட்டார். 18 வயது கடந்த பிள்ளை தன் நாளைத் தானே திட்டமிடப் பழகுவதற்கான பயிற்சி இது என்பதால், அதுவே நியாயம் என்று கருதுகிறேன்.

சிரமமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதில்தான். அரியர் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் நெருங்கியபோது, நினைவூட்டலுக்காக அவன் பைக் சாவியில் கட்டியிருந்த மஞ்சள் சீட்டு தினமும் என் கண்ணில் பட்டது; நான் எதுவும் சொல்லவில்லை. நாள் தவறி, அபராதத்தோடு தன் கைக்காசில் கட்டினான். அதன்பின் அவனும் கோச்சும் கலந்து பேசி, சீட்டுக்குப் பதிலாக, சில நாள் முன்னதாகவே லேப்டாப்பில் அலாரம் ஒலிக்க ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆனால் மருந்தைத் தானாக நிறுத்துவது, தூங்காமல் வண்டி ஓட்டுவது, வாழப் பிடிக்கவில்லை என்று பேசுவது போன்றவற்றில் பெற்றோர் ஒதுங்கி நிற்கவே கூடாது. உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மறுமொழி:

வணக்கம் அம்மா. எனக்கும் ஏ.டி.டி. உண்டு, வயது 23. பக்கத்தில் ஒருவர் அமைதியாகத் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தால் எனக்குப் படிக்கத் தொடங்குவது எளிதாக இருப்பதை, என் கோச்சோடு பேசும்போதுதான் உணர்ந்தேன். நானே அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து, நான் படிக்க உட்காரும்போது அவர் கடைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் அமர்ந்துவிடுவார், "எவ்வளவு முடித்தாய்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. தம்பிக்கும் அப்படி யாராவது உடனிருப்பது உதவுமா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.