கழற்றிக் கட்டும் கட்டடம்: எஃகுச் சட்டகத்தில் இது நடக்கிற காரியமா?

விட்டம்_தூண்:
கட்டடத்தைப் பின்னால் பிரித்துப் பீம்களைத் திரும்பப் பயன்படுத்த வேண்டுமானால், கட்டும் வரைபடத்தோடு பிரிக்கும் வரைபடமும் சேர்ந்தே வர வேண்டும். பீம், தூண் இணைப்புகளில் வெல்டிங் கூடாது, எல்லாம் போல்ட். ஆனால் பெரிய தலைவலி மாடித் தளத்தில்தான். டெக் ஷீட் (கான்கிரீட்டுக்கு அடியிலிருக்கும் நெளித்தகடு) வழியாக 19 மி.மீ. ஸ்டட்களை (பீமையும் கான்கிரீட்டையும் பிணைக்கும் குட்டை எஃகு முளைகளை) பீமில் வெல்டு செய்து கான்கிரீட் ஊற்றிவிட்டால், பிறகு பீமை எடுக்க ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் உடைத்து, அறுத்து, பீமின் மேல் தகடான ஃபிளாஞ்சைத் தேய்த்தாக வேண்டும். அந்த வேலைக்குப் பயந்தே பழைய பீம் எல்லாம் உருக்கு உலைக்குப் போகிறது. முன்வார்ப்பு ஸ்லாபை (முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகையை) போல்ட்டால் பிணைத்தால் நட்டைக் கழற்றித் தூக்கிவிடலாம்.

சுமைக்கணக்கு:
போல்ட் நுழையும் துளை போல்ட்டைவிடப் பெரியது சார். அந்த இடைவெளி அளவு சறுக்கிய பிறகுதான் சுமை ஏறும். ஸ்டட் தரும் விறைப்பு இதில் இல்லை. தொய்வைக் கட்டுப்படுத்தப் பீமின் எடையைக் கூட்டுவீர்கள். ஐம்பது வருடம் கழித்து எவரோ எடுப்பார் என்று இன்றைக்கே கூடுதல் எஃகை உருக்குவது எந்தச் சிக்கனம்?

விட்டம்_தூண்:
சறுக்கல் உண்மைதான். அதற்குத் துளை இடைவெளியில் எபாக்சி செலுத்தும் முறை இருக்கிறது. போல்ட்டில் முன்பே ஒட்டாப் பூச்சு தடவியிருந்தால் பின்னால் கழலும். தடவ மறந்தால் கதை முடிந்தது, அதனால் ஆய்வுப் பட்டியலில் இதைத் தனி வரியாகவே எழுதுங்கள்.

சுண்ணாம்புக்கலவை:
எஃகோடு நிற்காதீர்கள். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கலைத் தட்டினால் கலவை உதிர்ந்து கல் முழுசாக வரும். 1:4 சிமென்ட் கலவை கல்லைவிட இறுகிப்போவதால் உடைவது கல்தான். மரத்துக்குப் பசை வேண்டாம், ஸ்க்ரூ போதும். தலையைப் புட்டியால் மூடாதீர்கள். நெதர்லாந்தில் 2019-ல் திறந்த டிரியோடோஸ் வங்கி அலுவலகத்தின் மரச் சட்டகம் 1,65,312 ஸ்க்ரூக்களில் நிற்கிறது.

சுமைக்கணக்கு:
கழன்று வந்த பீமின் தரத்துக்கு யார் பொறுப்பு? ஆலைச் சான்றிதழ் தொலைந்திருந்தால் மாதிரி வெட்டி இழுவிசைச் சோதனை செய்யாமல் எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார். முழு இழுவிசையில் முறுக்கிய உயர்வலிமை போல்ட்டுகளையும் திரும்பப் போடக் கூடாது.

விட்டம்_தூண்:
போல்ட் போகட்டும், மொத்த எடையில் அது சொற்பம். பீமின் எஃகுத் தரம், வார்ப்பு எண் (எந்த உருக்கலில் வந்தது என்ற எண்) இரண்டையும் பீமின் செங்குத்து நடுத்தகடான வெப்பில் முத்திரை குத்தி, அதே எண்ணை வரைபடத்திலும் எழுதினால் பாதிச் சோதனை குறையும். பிரித்தெடுக்கும்படி வடிவமைப்பது பற்றிய ஐஎஸ்ஓ 20887 (2020) தரநிலையும் தகவலைப் பாதுகாப்பதை வலியுறுத்துகிறது.

சுமைக்கணக்கு:
முத்திரை சரி, ஏற்கிறேன். நிலநடுக்கப் பகுதிக்கு என்ன பதில்? துளைப்பலகைகள் (உள்ளே நீளத் துளைகள் கொண்ட முன்வார்ப்புப் பலகைகள்) மேல் 60 மி.மீ. கான்கிரீட் ஊற்றினால்தான் தளம் ஒரே தகடாக இயங்கும். ஊற்றினால் பலகை பிரியாது.

விட்டம்_தூண்:
கிடைமட்ட விசையைப் பலகையின் தலையில் கட்டாதீர்கள். தளத்துக்கு அடியில் எஃகுக் குறுக்குத்தாங்கி கொடுத்து, விசையை அதன் வழியே பிரேசிங்குக்கு (தூண்களுக்கு இடையிலான சாய்வுத்தாங்கிகளுக்கு) கொண்டுபோங்கள். கீழே ஏசி குழாய்க்கு இடம் நெருக்கும், அதைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும்.

சுமைக்கணக்கு:
தாழ்ந்த கட்டடத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். இருபது மாடிக்குக் கணக்கைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.